பஞ்சுக்கால் சாரும் மிச்ச மாத்திரையும்

ஓட்டுநர் பயிற்சி வண்டியில் ஐந்து பெடல்கள் உண்டு. கற்றுக்கொள்பவர் பக்கம் மூன்று: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். கற்றுக்கொடுப்பவர் பக்கம் இரண்டு: கிளட்ச், பிரேக். அவருக்கு ஆக்ஸிலரேட்டர் கிடையாது. வேகத்தைக் கூட்டுகிற உரிமை மாணவருக்கு மட்டும்தான். குறைக்கிற உரிமை இருவருக்கும் உண்டு. யோசித்துப் பார்த்தால் பல குடும்பங்களும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

ஆசிரியர் பக்கத்துப் பிரேக் தனி பிரேக் அல்ல. அதிலிருந்து ஓர் எஃகுக் கேபிள் தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, மாணவர் பக்கத்துப் பெடலின் தண்டைப் பிடித்திருக்கும். இவர் மிதித்தால் கேபிள் இழுபட்டு அந்தப் பெடலும் கீழே இறங்கும். மாணவரின் கால் ஏற்கெனவே அதன் மேல் இருந்தால், தன் காலே மிதித்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். முரட்டுத்தனமாக மிதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பூப்போல மிதித்தால் கடவுளுக்குக்கூடத் தெரியாது.

இந்தப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் பூப்போல மிதிப்பவர். அதனால் அவருக்குப் பஞ்சுக்கால் சார் என்று பெயர். மாணவர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய்க்கொண்டிருப்பார். சார் ஜன்னலுக்கு வெளியே ஏதோ விளம்பரத்தைப் படித்தபடி வலது கால் கட்டைவிரலைப் பெடலில் வைத்து அழுத்துவார். வண்டி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அலுங்காமல் நிற்கும்.

"நல்லா நிறுத்துனீங்க," என்பார்.

மாணவர் முகம் மலரும். பயந்தவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பான், இறுக்கிப் பிடித்தவனுக்கு வண்டி பேச்சைக் கேட்காது என்பது சாரின் சித்தாந்தம். எனவே யாருக்கும் பயம் வராமல் பார்த்துக்கொண்டார். அவரிடம் கற்றவர்கள் எல்லோரும் தங்களைப் பிறவி ஓட்டுநர்கள் என்றே நம்பினார்கள். உரிமத் தேர்வில் அவர்களில் பலர் முதல் தடவை தோற்றபோது, தேர்வு அதிகாரி ஒரு மாதிரியான ஆள் என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சாருக்கு வேறொரு பொறுப்பு இருந்தது. மிச்சம் மீதியைத் தீர்த்துவைப்பது. சட்டியின் அடியில் ஒட்டியது, மகள் கடித்துவிட்டு வைத்த ஆப்பிள், தேதி முடியப்போகும் ரொட்டி, எல்லாம் கடைசியில் அவரிடம் வந்து சேரும். பள்ளியின் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் அவர் மனைவி, "குப்பைத் தொட்டிக்கு முந்தின ஸ்டாப் இவர்தான்," என்று வந்தவர்களிடம் அறிமுகப்படுத்துவதுண்டு. சார் மறுத்ததில்லை. பொருளை வீணாக்குவது பாவம் என்பதில் அவருக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் எல்லா மிச்சத்தையும் அவர் சாப்பிட முடியாது. இறைச்சியை அவர் எப்போதும் தொட்டதில்லை. பால், தயிர், முட்டை மூன்றையும் நெஞ்செரிச்சல் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். அதே நெஞ்செரிச்சலுக்குத் தினமும் காலையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார். யாரோ ஒரு டாக்டர் கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக்கொடுத்தது. அந்தக் கொஞ்ச நாள் பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தது.

இங்கே உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி12 என்று ஒரு வைட்டமின். அது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில் இருக்கிறது. செடிகொடிகளில் இருப்பதாக நம்பிக் காத்திருக்கக் கூடாது. உணவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். சார் சரக்கு வருவதையும் நிறுத்திவிட்டார், வருகிற கொஞ்சநஞ்சத்தைப் பிரிக்கிற ஆளையும் லீவில் அனுப்பிவிட்டார். உடனே ஒன்றும் ஆகாது. கல்லீரலில் வருடக்கணக்கில் தாங்கும் சேமிப்பு உண்டு. பெட்ரோல் முள் இல்லாத வண்டி மாதிரி, ஓடுகிறவரைக்கும் ஓடும்.

ஒரு கட்டத்தில் சாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அலுவலகம் மாடியில். பாதிப் படியில் நின்று சுவரில் இருக்கும் சாலைக் குறியீட்டுப் படங்களைப் பார்ப்பது போல் பாவனை செய்வார். நாக்கு சிவந்து வழவழப்பாகி, சூடாக எதுவும் குடிக்க முடியவில்லை. முகம் வெளுத்தது.

"ஏங்க, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கீங்க. டாக்டர்கிட்ட போங்க," என்றார் மனைவி.

"கோடை லீவு முடியட்டும். இப்ப ஸ்டூடன்ட்ஸ் ஜாஸ்தி."

அந்தச் சமயத்தில்தான் மகள் பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் பையில் ஒரு பெரிய பாட்டில் இருந்தது. ஃபோலிக் அமில மாத்திரை. கர்ப்பம் தரிப்பதற்கு முன்னும் முதல் மாதங்களிலும் போட வேண்டியது. அவளுக்கு ஒரு காரணத்துக்காக டாக்டர் அதிக அளவில் கொடுத்திருந்தார். வழக்கமாகக் கொடுப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பிறகு வேறு மாத்திரைக்கு மாற்றிவிட்டதால் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவள் அதைக் குப்பையில் போடப் போனாள்.

"என்னம்மா அது?"

"போலிக் ஆசிட்பா. கீரையில இருக்கற சத்துதான். எனக்கு இனிமே வேண்டாம்."

"கீரைச் சத்தையா தூக்கிப் போடறே? இங்க குடு."

"அப்பா, அது பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கறது."

"பிள்ளைத்தாச்சிக்கே ஒண்ணும் பண்ணாதுன்னா எனக்கு என்ன பண்ணப் போகுது?"

தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து காலையில் அமில மாத்திரை, சாப்பிட்ட பின் கீரை மாத்திரை.

இதில் பொல்லாத விஷயம், மாத்திரை வேலை செய்தது. மாதம் திரும்புவதற்குள் மூச்சு வாங்குவது நின்றது. படியில் நிற்காமல் ஏறினார். நாக்கு சரியானது. முகத்தில் ரத்தம் வந்தது. மகள் வற்புறுத்தி எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின், பதினெட்டு வயது விளையாட்டு வீரனுக்கு இருக்கிற மாதிரி இருந்தது. சார் அந்த எண்ணைத் தன் வண்டியின் மைலேஜைச் சொல்வது போல் எல்லோரிடமும் சொன்னார். பாட்டில் தீர்ந்ததும் தானே கடைக்குப் போய் அதே மாத்திரையை வாங்கினார். வண்டியைப் பராமரிக்கும் மெக்கானிக், சாருடைய மனைவியின் தம்பி, இதைப் பார்த்து முடி கொட்டுவதற்கு நல்லது என்று தானும் போட ஆரம்பித்தான். அவனுக்கு முடியும் வளரவில்லை, கேடும் வரவில்லை. தினமும் முட்டை தின்கிறவன். உடம்புக்குத் தேவைக்கு மேல் போன ஃபோலிக் அமிலத்தில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

சாருக்கு மட்டும் ஏன் வேலை செய்தது? ரத்தச் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரிய ஃபோலேட், அதாவது அந்தக் கீரைச் சத்து, வேண்டும். உடம்பில் இருக்கும் ஃபோலேட்டின் பெரும்பகுதி மூடி போட்ட ஜாடி மாதிரி. அந்த மூடியைத் திறக்கிற ஆள் பி12. அவர் வராவிட்டால் ஜாடி நிறைய சரக்கு இருந்தும் பயனில்லை. அணுக்கள் பிரிய முடியாமல் ஊதிப் பெருத்து நிற்கும், ரத்தம் குறையும். சாருக்கு நேர்ந்தது அதுதான். மாத்திரையில் வரும் ஃபோலிக் அமிலம் மூடி இல்லாமல் வருகிறது. பின்வாசல் வழியாக நேரே பட்டறைக்குள் போய்விடும். பி12 இல்லாமலேயே ரத்தம் ஊறத் தொடங்கும்.

ஆக, பி12 இல்லாத குறை வெளியே தெரிய இருந்த ஒரே இடம் சரியாகிவிட்டது. குறை அப்படியே இருந்தது. பி12க்கு இன்னொரு இடத்திலும் வேலை உண்டு. அந்த வேலை ஃபோலிக் அமிலத்துக்குத் தெரியாது. அதைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச மாதங்கள் கழித்துச் சார், பிரேக் பெடல் சரியில்லை என்றார்.

"என்ன மாமா பண்ணுது?" என்றான் மெக்கானிக்.

"மிதிச்சா மிதிச்ச மாதிரியே இல்ல மாப்ள. மொழுக்குன்னு இருக்கு. திடீர்னு புடிக்குது."

உண்மைதான். சில வாரங்களாக வண்டி அலுங்காமல் நிற்பது போய், கிடுக்கென்று குலுங்கி நின்றது. ஒரு மாணவியின் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று டாஷ்போர்டில் விழுந்தது. மெக்கானிக் கேபிளை மாற்றினான். சார் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் அப்படியே இருக்கிறது என்றார். பெடலைத் திரும்ப மேலே தூக்கும் ஸ்பிரிங்கை மாற்றினான். அப்படியே இருந்தது. தேய்ந்த ரப்பரைப் பிய்த்துவிட்டுப் புதியது போட்டான். அது வழுக்குகிறது என்றார். வாசல் மிதியடியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினான். சொரசொரப்பே தெரியவில்லை என்றார்.

"மாமா, அது தேங்கா துருவலாம் போல இருக்கு. என் கையே கீறிடுச்சு."

"எனக்குத் தெரியலையே."

"சரி, செருப்பைக் கழட்டிட்டு மிதிங்க."

கழற்றக் குனிந்தார். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டார் என்று தேடியதில், பட்டறை வாசலில், தெருவின் நடுவில் கிடந்தது. ஒற்றைச் செருப்போடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

"வார் லூஸாயிடுச்சு," என்றார் சார்.

மெக்கானிக் செருப்பின் வாரையும் இறுக்கிக் கொடுத்தான்.

அந்த நாட்களில் அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒரு தையல்காரம்மா. ஐம்பது வயதுக்கு மேல். கடைக்குத் துணி எடுத்துப்போகத் தானே வேன் ஓட்ட வேண்டும் என்று வந்தவர். எதையும் அளந்து பேசுவார். பல வருடம் மிஷின் மிதித்தவர் என்பதால் பெடல் என்றால் பயம் இல்லை. தான் நிறுத்துகிற அழகைப் பற்றி அவருக்கே ஒரு பெருமை இருந்தது. எல்லோருக்கும் இருப்பதைப் போல.

ஒரு காலை, பழைய பேப்பர் ஏற்றிய தள்ளுவண்டி சந்திலிருந்து குறுக்கே வந்தது. தள்ளுகிறவர் முகம் பேப்பர் கட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. சார் வழக்கம் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வலது காலை அழுத்தினார். வண்டி குலுங்கி, தள்ளுவண்டிக்கு ஓர் அடி முன்னால் நின்றது. தள்ளுகிறவர் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார்.

"நல்லா நிறுத்துனீங்க," என்றார் சார்.

தையல்காரம்மா சாருடைய கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க எதை மிதிக்கறீங்க?"

"பிரேக்கை."

"பாருங்க."

சார் குனிந்து பார்த்தார். பிரேக் பெடல் மேலே நின்றுகொண்டிருந்தது. அவருடைய கால் அதற்கு நாலு விரற்கடை தள்ளித் தரைவிரிப்பை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெளுக்கிற அளவுக்கு. அதைப் பார்த்த பிறகும், பெடலில் இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியது.

"வண்டியை நீங்களா நிறுத்துனீங்க?"

"வேற யாரு?" என்றார் தையல்காரம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இதுக்கு முன்னாடியெல்லாம் யாரு நிறுத்துனது?" என்றார்.

பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன.

"ஓகோ," என்றார் தையல்காரம்மா. "அப்ப நான் இன்னைக்குத்தான் பிரேக்கே போட்டிருக்கேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுச் சார் இறங்கினார். மீதித் தூரத்தைத் தையல்காரம்மா ஆட்டோவில் போனார். வண்டியை எடுத்துப்போக மெக்கானிக் வந்தான்.

மெக்கானிக்குகளுக்கு ஒரு வழிமுறை உண்டு. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வர வேண்டும். சரியாக இருப்பதைத் தாண்டிப் போனால், கடைசியில் சரியில்லாதது மாட்டும். அவன் சக்கரத்திலிருந்து தொடங்கினான். சக்கரத்தில் பிரேக் கட்டை சரி. எண்ணெய்க் குழாய் சரி. மாணவர் பெடல் சரி. கேபிள் சரி. ஆசிரியர் பெடல் சரி. ரப்பர் சரி. அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று யோசித்தான்.

"மாமா, அந்த ஸ்டூல்ல ஒக்காந்து காலை நீட்டுங்க."

நீட்டினார்.

"கண்ணை மூடிக்கோங்க. ஸ்க்ரூ டிரைவரால விரலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லணும்."

"சரி, தொடு."

சற்று நேரம் ஆனது.

"தொடு மாப்ள. எவ்வளவு நேரம்?"

"கண்ணைத் தொறங்க மாமா."

அவன் அஞ்சு விரலையும் தொட்டு முடித்து, ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பார்ட்ஸ் மாத்தற விஷயம் இல்ல இது," என்றான். "டாக்டர்கிட்ட போலாம்."

டாக்டர் சாரின் மகள் வயதுக்காரர். சாரோடு மனைவி, கைக்குழந்தையோடு மகள், கையில் கிரீஸோடு மெக்கானிக், எல்லோரும் உள்ளே நுழைந்ததில் அறை நிறைந்துவிட்டது. டாக்டர் கவைபோன்ற ஓர் எஃகுக் கருவியைத் தட்டி அதிரவைத்து, சாரின் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு நிற்கும்போது சொல்லச் சொன்னார். அது ஆரம்பிக்கும்போது நீங்களே சொல்லுங்கள் என்றார் சார். பிறகு கால்களைச் சேர்த்துவைத்து எழுந்து நிற்கச் சொன்னார். நின்றார். கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் வெட்டிய மரம் போலச் சாய்ந்தார், மெக்கானிக் பிடித்துக்கொண்டான். சட்டையில் ஐந்து விரல் அச்சு விழுந்தது.

"பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கா?" என்றார் டாக்டர்.

சாருக்கு முகம் மாறியது. "இவங்களுக்கு யாரு சொன்னது?" என்று மனைவியைப் பார்த்தார்.

"எல்லாரையும் அப்படித்தான் கேப்போம் சார்," என்றார் டாக்டர். "என்ன மாத்திரை போடறீங்க?"

"நெஞ்செரிச்சலுக்கு ஒண்ணு. வேற எதுவும் இல்ல."

"அப்பா," என்றாள் மகள்.

"அது மருந்து இல்லம்மா. கீரை."

மகள் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர் சாப்பிடாதவை என்னென்ன என்று கேட்டார். மனைவி சொல்லச் சொல்லப் பேனா மறுபடி ஓடியது. மறுநாள் ரத்த முடிவுகளோடு மறுபடி போனார்கள். பி12 தரையைத் தொட்டிருந்தது. ஃபோலேட்டின் அளவு, அந்தக் கருவியால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டியிருந்தது. ஹீமோகுளோபின் பிரமாதம்.

"ரத்தம் ரொம்ப நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "அதான் எனக்குப் பிடிக்கல."

பிறகு அவர் பி12இன் இரண்டாவது வேலையைச் சொன்னார். உடம்பில் இருக்கும் நரம்புகளுக்கு மேல் ஓர் உறை உண்டு. அந்த உறையைப் பழுதாகாமல் வைத்திருப்பதில் பி12க்குப் பங்கு உண்டு. அது இல்லாவிட்டால் உறை உரியத் தொடங்கும். மூளைக்கு வெகுதூரத்தில் இருக்கும் நீளமான நரம்புகளில்தான் முதலில் தெரியும். முதுகுத்தண்டில், கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் இழைகளும் கெடும்.

"ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக் போயிடுச்சு," என்றான் மெக்கானிக், சாருக்காக.

"கிட்டத்தட்ட அதான். சாதாரணமா ரத்தம் குறைஞ்சு, மூச்சு வாங்குதுன்னு ஆளு எங்ககிட்ட வந்துடுவாங்க. நாங்க பி12 குடுத்துடுவோம். உங்களுக்கு அந்த மாத்திரை ரத்தத்தை மட்டும் சரி பண்ணிடுச்சு. வர வேண்டிய நேரத்துல நீங்க வரல."

"வார்னிங் லைட்டோட பல்பைக் கழட்டிட்டு, வண்டி ரெடின்னு ஓட்டற மாதிரி," என்றான் மெக்கானிக். "எங்க பட்டறைக்கு வாரம் ஒருத்தன் வருவான் டாக்டர்."

"நான் எந்தப் பல்பைக் கழட்டினேன்?" என்றார் சார்.

"இது கெட்ட மாத்திரையும் இல்ல," என்றார் டாக்டர். "உங்க பேரனுக்கு முதுகுத்தண்டு ஒழுங்கா மூடணும்னுதான் உங்க பொண்ணுக்குக் குடுத்தது. சாப்பாட்டுக் கீரையால இப்படி ஆகாது. பி12 குறையா இருக்கறவங்க, அதைச் சோதிச்சுப் பார்க்காம இவ்வளவு பெரிய மாத்திரையை மாசக்கணக்கா முழுங்கினா, இப்படி மறைச்சிடும். நரம்பை அது இன்னும் வேகமாக் கெடுக்குமா, வேற என்ன பண்ணும்னு ஆராய்ச்சி பண்ணிட்டே இருக்காங்க. அதெல்லாம் உறுதியா சொல்ல மாட்டேன்."

சார் தன் காலைப் பார்த்தபடி கேட்டார்.

"கால் திரும்ப வருமா?"

"ஊசி போடறோம். அந்த மாத்திரையை இன்னையோட நிறுத்துங்க. நெஞ்செரிச்சல் மாத்திரை வேணுமான்னும் பார்ப்போம். நரம்பு மெதுவாத்தான் வரும், மாசக்கணக்குல. முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது. வர்ற வரைக்கும் அந்த சீட்ல ஒக்காராதீங்க."

"பிரேக்கை விட்டுட்டு நான் என்ன பண்றது?"

"அது எனக்குத் தெரியாது சார்."

வீடு திரும்பும்போது குழந்தை மட்டும் எதற்கோ சிரித்தது. மெக்கானிக் அன்றோடு தன் மாத்திரையை நிறுத்திவிட்டான். மிச்சம் இருந்ததைச் சார் கண்ணில் படாமல் கொண்டுபோய் மருந்துக் கடையிலேயே கொடுத்துவிட்டான்.

பள்ளியை மூட முடியாது. மகளிடம் பயிற்சியாளர் உரிமம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் கற்றுக்கொடுத்திருக்கிறாள். குழந்தையைச் சாரின் மனைவி அலுவலக மேசை மேல் படுக்கவைத்துக்கொண்டார். மகள் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்தாள். சார் பின்சீட்டில், நடுவில், இரண்டு இருக்கைக்கும் இடையே தலையை நீட்டியபடி.

மகளுக்குப் பஞ்சுக்கால் கிடையாது. மாணவர் தவறு செய்தால் பெடலை நறுக்கென்று மிதித்துவிட்டு, "மிதிச்சது நான். நீங்க லேட்," என்பாள். முதல் நாளே ஒரு கல்லூரிப் பையன் முகம் சுண்டிப்போய் இறங்கினான்.

"ஏம்மா இப்படிப் பயமுறுத்தறே? நாளைக்கு வருவானா அவன்?"

"பயப்படட்டும்பா. பயப்பட வேண்டிய இடம் அது."

"பயந்தவனுக்கு வண்டி வராதும்மா."

"தனக்கு வரலைன்னே தெரியாதவனுக்கு?"

சார் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பையன் மறுநாள் வந்தான். அதே முக்கில் தானே நிறுத்தினான். மகள் பாராட்டவில்லை, "ம்," என்றாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. தையல்காரம்மாவும் மகளிடம் மறுபடி முதலிலிருந்து கற்றார். சந்துகளைப் பார்க்கத் தான் எப்போதும் தாமதிப்பதைக் கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொண்டார். உரிமத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறினார். அந்தப் பருவத்தில் நிறையப் பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள். தேர்வு அதிகாரி அதே ஆள்தான். சார் பின்சீட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் வலியாகத்தான் திரும்பியது. முதலில் எறும்பு ஊர்ந்தது. பிறகு பாதம் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. அது நல்ல அறிகுறியாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதால், சார் ஒவ்வொரு காலையும் எரிச்சலின் எல்லையை மனைவியிடம் விரலால் வரைந்து காட்டினார்.

"நேத்து இதுவரைக்கும்தான் எரிஞ்சுது. இன்னைக்கு இங்க வந்திடுச்சு."

"ரொம்ப சந்தோஷம். எரியற காலை எடுங்க, துணி மடிக்கணும்."

மாதங்கள் போயின. எரிச்சல் அடங்கி, அடங்கிய இடங்களில் தரை தெரிய ஆரம்பித்தது. குளிர்ந்த தரை, மணல், தரைவிரிப்பின் மடிப்பு. டாக்டர் அதே கருவியைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தார். சார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்து, "இப்ப நின்னுது," என்றார். டாக்டர் தன் விரலால் கருவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். சுண்டுவிரல் பக்கம் மட்டும் மௌனமாகவே இருந்தது. அது வராமலே போகலாம் என்றார். உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையிலும் சார் தேறினார்.

அதற்குப் பிறகும் அவர் உடனே இருக்கையில் உட்காரவில்லை. காலி மைதானத்தில் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி, சொல்லாமல் கொள்ளாமல் அவன் தப்புச் செய்யச் செய்ய, தான் நிறுத்திப் பார்த்தார். பெடலில் கால் எங்கே இருக்கிறது என்று குனியாமல் சொல்லுவார். மெக்கானிக் குனிந்து பார்த்துச் சரி என்பான். ஒரு வாரம் முழுக்க அவன் பட்டறை வேலை கெட்டது.

"மாமா, கால் பழைய மாதிரி ஆயிடுச்சு. என் பிழைப்பைப் பார்க்க விடுங்க."

"பழைய மாதிரி இல்ல," என்றார் சார். "ஓரம் தெரியல. ஆனா நடு தெரியுது."

மகள் காலை வகுப்புகளையும், சார் பிற்பகல் வகுப்புகளையும் எடுப்பதாக ஏற்பாடானது. சாரின் முதல் மாணவர் ஒரு முடிதிருத்துபவர். கை நடுங்காது, ஆனால் கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்ப்பார். பின்னால் வருவதைப் பார்க்க மாட்டார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒரு சிறுமி பந்தைத் துரத்திக்கொண்டு நடைபாதையிலிருந்து இறங்கினாள். முடிதிருத்துபவர் அப்போது கண்ணாடியில் இருந்தார்.

சாரின் கட்டைவிரல் பெடலைக் கண்டுபிடித்தது. வண்டி அலுங்காமல், பந்துக்கு வெகு முன்னால் நின்றது. மாணவரின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, சாரைப் பார்த்துச் சிரித்தார்.

"கரெக்டா நிறுத்திட்டேன் சார், பார்த்தீங்களா?"

சாருக்கு வழக்கமான பாராட்டு நாக்கு நுனி வரை வந்தது. பல வருடப் பழக்கம். சிறுமி பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றார். "நான்தான் நிறுத்துனேன். நீங்க இன்னும் மிதிக்கவே இல்ல."

முடிதிருத்துபவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இருந்த நிறம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"அப்ப அந்தப் பாப்பா…"

"ஆமா. ஓரமா நிறுத்துங்க, பேசுவோம். மெதுவா. இந்தத் தடவை நான் காலை எடுத்துடறேன்."

சார் காலைப் பெடலிலிருந்து எடுத்து, மாணவருக்குத் தெரியும்படி நீட்டி வைத்துக்கொண்டார். வண்டி குலுங்கி, திக்கி, நடைபாதையின் விளிம்பை லேசாக உரசி நின்றது.